எண்ணெய் பட்ட வாய்

தகரக் கூரையின் இடுக்கு வழியே காலை வெயில் பாக்கெட் ஒட்டும் மெஷின்மேல் விழுகிறது. மீன் துண்டுகளை எண்ணெயோடு பாக்கெட்டில் அடைக்கும் இந்தச் சின்னக் கூடத்தை அக்காவும் தங்கையுமாக நடத்துகிறார்கள். வாயில் எண்ணெய் பட்ட பாக்கெட் சரியாக ஒட்டாமல், அனுப்பிய சரக்கெல்லாம் கசிந்து திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை கசிந்தால் கூடத்தை மூடிவிடுவது என்று அக்கா முடிவெடுத்திருக்கிறாள். இன்று அயனோமர் என்ற பிளாஸ்டிக் பூசிய புது பாக்கெட் பிலிம் வந்திருக்கிறது. அதில் செய்த பாக்கெட்டில் மீனை நிரப்பி, தங்கை வேண்டுமென்றே அதன் வாயில் எண்ணெயைத் தடவுகிறாள். “அடிப்பாவி, துடைடி!” என்று அக்கா பதறுகிறாள். “சும்மா இரு அக்கா. இந்தப் பூச்சு சூட்டுல இளகினதும் எண்ணெயை ஒதுக்கித் தள்ளிட்டு ஒட்டிக்குமாம். பாத்துருவோம்.” மெஷினின் சூடான தாடைகள் மூடி, அழுத்தி, திறக்கின்றன. ஒட்டிய கோடு கண்ணாடிபோல் மின்னுகிறது. சூடு ஆறுவதற்குள் தங்கை பாக்கெட்டைத் தலைகீழாகத் தூக்குகிறாள். உள்ளே இருக்கும் கனமெல்லாம் அந்த மெல்லிய கோட்டின்மேல் இறங்குகிறது. இருவரும் இமைக்காமல் பார்க்கிறார்கள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அக்கா அதைப் பிடுங்கிப் பிசைகிறாள், தரையில் போடுகிறாள், செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறியே நிற்கிறாள். பாக்கெட் புடைக்கிறது; வாய் மட்டும் திறப்பேனா என்கிறது. “உன் கனத்தையே தாங்குதுன்னா இனி எதையும் தாங்கும்க்கா!” என்று தங்கை குதிக்கிறாள். அடிக்க ஓங்கிய அக்காவின் கை பாதியிலேயே இறங்கி அவளைக் கட்டிக்கொள்கிறது. “மெஷினை மட்டும் அணைச்சிடாதடி” என்கிறாள், தங்கையின் தோளில் புதைத்த முகத்தை எடுக்காமலே.