ஒரு சாண் உள்ளே

கலைமணியின் கோல் மேல் தட்டை நோக்கி உயர்ந்தபோது, குமாரசாமி இரண்டடி தள்ளி நின்று துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை. மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்த வண்டி ஆயில் ஒழுகி நடுவழியில் நிற்கிறதென்று, டிரைவர் ஆயில் சீல் கேட்டு வந்திருந்தார்.

கலைமணிக்குச் சிறு வயதிலேயே போலியோவில் கால்கள் போய்விட்டன. சக்கர நாற்காலியில் இருந்துதான் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்பது வருடமாக, மேல் தட்டுச் சாமான் வேண்டுமென்றால் "ஏனுங்ணா" என்று ஒரு குரல் கொடுப்பாள். கூட வேலை பார்க்கும் குமாரசாமி எடுத்துத் தருவார். முனகிக்கொண்டேதான் தருவார். ஆனாலும் அந்தக் குரல் கேட்காத ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு நீளமாக இருக்கும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கடை நிறைய டிரைவர்கள். அன்றைக்கென்று குமாரசாமியின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"உன்ற வேலைக்கும் சேத்தி நாந்தான் கை நீட்டோணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கலைமணியும் சிரித்தாள்.

விடுமுறை முடிந்து இந்தக் கோலோடு வந்தாள். பிடியை அழுத்தினால் நுனியில் இருக்கும் இடுக்கி கவ்விக்கொள்ளும். கனமான சாமான்களை முதலாளியிடம் சொல்லிக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டாள். அவராகப் போய் நின்றால், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகவே சொல்லிவிடுவாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். மனிதர் சொல்லையல்லவா கொட்டிவிட்டார். மன்னிப்புக் கேட்கலாம்தான். ஐம்பத்தாறு வயதில் அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை.

இப்போது மேல் தட்டில் இருந்த ஆயில் சீல் டப்பாவைத் தொடக் கோலுக்கு ஒரு சாண் குறைந்தது. நாற்காலியை முன்னே நகர்த்தி, உடம்பை நிமிர்த்தி, மறுபடி நீட்டினாள். இடுக்கி வெறுமனே மூடிக்கொண்டது.

குமாரசாமி துணியைக் கீழே வைத்தார். கூப்பிடு கண்ணு, ஒரே ஒரு தடவை கூப்பிடு என்று மனசுக்குள் கெஞ்சினார்.

நேற்றுக் கடை சாத்தும்போது, அந்த டப்பாவைச் சுவரோடு ஒட்டத் தள்ளிவைத்தவர் அவர்தான்.

கலைமணி அண்ணாந்து டப்பாவைப் பார்த்தாள். திரும்பி அவரையும் பார்த்தாள். பிறகு கோலை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்.

"தீந்து போச்சுங்க. எதுத்த கடையில கேட்டுப் பாருங்க."