வாளி முறை

கேட்டைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தவர் சென்னியப்பன்தான்.

மயில்சாமி நடையை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. தோளில் மூங்கில் கழி. கழியின் மறுமுனை பின்னால் வரும் சக மாணவன் சின்னப்பராஜின் தோளில். நடுவில் சாம்பல் தூவிய கக்கூஸ் வாளி.

காந்தி வழியில் நடந்த அந்த ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் வாத்தியாருக்குப் படிக்க வந்த எல்லோருக்கும் வாளி முறை உண்டு. ராட்டை, தோட்டவேலை, மாதிரிப் பாடம் போல இதற்கும் மதிப்பெண். மாட்டேன் என்றவர்கள் முதல் வாரமே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ராட்டையைப் பற்றி மயில்சாமி வீட்டில் சொல்லியிருந்தான். வாளியைப் பற்றிச் சொல்லவில்லை.

சென்னியப்பன் அவனுக்குப் பெண் தரப்போகிறவர். வசந்தாமணியை நிச்சயம் செய்தாகிவிட்டது. தை பிறந்தால் கல்யாணம். கிணறும் தோட்டமும் ஆட்களுமாக வாழ்கிற மனிதர். மாப்பிள்ளை வாளி சுமப்பது தெரிந்தால் அன்றைக்கே பேச்சை முறித்துவிடுவார்.

நல்லவேளை, முகத்தில் துண்டு இருந்தது. காலையில் கொடியில் கைக்கு அகப்பட்டதை உருவி, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டியிருந்தான். கண் மட்டும்தான் வெளியே.

தோளில் நிலக்கடலை மூட்டையோடு சென்னியப்பன் பாதையோரம் ஒதுங்கி நின்றார். ஒருமுறை பார்த்தார்.

“அடேய், வாத்தியாருக்குப் படிக்கற மயில்சாமிக் கவுண்டர் எங்கடா இருக்கறாரு?”

மயில்சாமி தலையைக் குனிந்தான்.

“அந்தக் கோடி ரூமுலீங்க, சாமி.”

தோட்டத்து ஆட்கள் அவன் அப்பாவிடம் பேசுகிற குரல். யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிட்டது.

அவர் போனபின் சின்னப்பராஜ் பின்னாலிருந்து சொன்னான்: “மாமனாருக்கு நல்லாத்தான் வழி சொல்றே. பாடம் நடத்தறப்ப மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறே.”

எருக்குழியில் வாளியைக் கவிழ்த்து மண் தள்ளினார்கள். மயில்சாமி கிணற்றடியில் சோப்புப் போட்டு உடம்பைத் தேய்த்தான். பிறகு இன்னொரு முறை தேய்த்தான். துண்டைத் துவைகல்லில் நனைத்துப் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அறைக்கு ஓடினான்.

சென்னியப்பன் பாயில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. படிப்பெல்லாம் எப்படிப் போகுதுங்க?”

“நல்லாப் போகுதுங்க மாமா.”

மழையைப் பற்றிப் பேசினார்கள். கிணற்றில் தண்ணீர் ஏறியதைப் பற்றி, சினையாக இருக்கும் பசுவைப் பற்றி. வழியில் பார்த்த ஆளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மயில்சாமிக்கு மூச்சு சீரானது.

பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்தார். இவனும் கூடவே நடந்தான்.

கிணற்றடிக்கு வந்ததும் அவர் நின்றார். கல்லில் ஈரத் துண்டு கிடந்தது. வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை.

“நல்லா அலசிக் காயப்போடுங்க மாப்பிள்ளை. நிச்சயத்துக்குன்னு வெண்ணந்தூர்ல சொல்லி நெய்ய வெச்சு, நான் உங்க தோள்ல போட்டதுங்க அது. அந்தக் கரையில வேற யாருக்கும் நெய்யலீங்க.”

மயில்சாமி துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கேட் வரை நடந்தார்கள். பஸ் வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டு, திரும்பாமலே, கண்டக்டருக்குக் கேட்காத குரலில் சென்னியப்பன் கேட்டார்:

“தைக்குள்ள அந்த வாளி வேலை முடிஞ்சிருமுங்களா?”