தேனாய் இனித்த கேக்

"இதக் கேக்குன்னு சொன்னா மாவு கோவிச்சுக்கும், வெர்லீன்." பெரியவர் தாடியஸ் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "அடி வேகல. எலுமிச்சை வாசனையே காணோம்."

வெர்லீனின் கேக் கடையில் அவருக்குப் பின்னால் நின்ற கிரெட்சனுக்குச் சுருக்கென்றது.

கறுப்பினப் பெண்கள் நடத்தும் சின்னக் கடைகளில்தான் இனி வாங்குவது என்று புத்தாண்டன்று சபதம் எடுத்த வெள்ளைக்காரி அவள். எடுத்த கையோடு இணையத்தில் நானூறு பேருக்குத் தெரிவித்தும்விட்டாள். சனிக்கிழமை தவறாமல் வெர்லீனிடம் ஒரு கேக். கடை வாசலில் ஒரு படம். இணையத்தில் ஐந்து நட்சத்திரம். அமெரிக்காவின் டர்ஹம் நகரத்து நியாயத்தில் பாதி தன் தோளில்தான் நிற்கிறது என்று ஒரு நினைப்பு.

"ஐயா, ஒத்தப் பொம்பளையா கடை நடத்தறாங்க. ஆதரிக்க மனசில்லேன்னா சும்மாவாவது இருக்கலாமே," என்றாள்.

தாடியஸ் தன் கறுத்த கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கா சொல்றம்மா?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, உக்காருங்க," வெர்லீன் பதறினாள். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் சர்ச்சுக்காரங்க ருசி பாக்க வர்றாங்க. ஆண்டுவிழாவுக்கு அறுபது கேக்கு. அது கைவிட்டுப் போனா கடைய மூட வேண்டியதுதான். நீங்க குத்தம் சொல்லாட்டி நான் எதத் திருத்தறது?"

பெரியவர் உட்கார்ந்தார். "சூட்டக் கொறச்சு, பத்து நிமிஷம் கூட வை."

கிரெட்சன் விடவில்லை. "நான் ஒரு தடவையாவது குறை சொல்லியிருக்கேனா, வெர்லீன்?"

"இல்லம்மா. போன சனிக்கிழமைகூட 'தேனா இனிக்குது'ன்னு எழுதியிருந்தீங்க."

"கேட்டீங்களா?" கிரெட்சன் பெரியவரைப் பெருமையோடு பார்த்தாள்.

வெர்லீன் கேக் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"அன்னிக்கு நான் சர்க்கரை போடவே மறந்துட்டேம்மா. வாங்கினவங்க எல்லாரும் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. உங்களத் தவிர."

வீட்டு ஃப்ரீசரில் அடுக்கியிருக்கும் பதினொரு பெட்டிகள் கிரெட்சனுக்கு நினைவு வந்தன. ஒன்றில்கூடக் கயிறு அவிழவில்லை.

தாடியஸ் தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரும்மா. மொதல்ல தின்னு. அப்புறம் ஆதரி."