இங்கே சிரிக்கவும்

கூட்டினார். எண்ணிக்கையால் வகுத்தார். சராசரி வந்தது.

கரும்பலகையில் அதற்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

இனி அடுத்த பாடம், இடைநிலை. நேராக அதற்குப் போய்விடலாம். நடுவில் எதுவும் சொல்ல வேண்டாம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த நடுவில் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். வீட்டைப் பற்றி ஒரு ஜோக். மனைவி லீலாவைப் பற்றி. வகுப்பு கொல்லென்று சிரிக்கும். சராசரியை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம் என்பது அந்தச் சிரிப்போடு மண்டையில் ஏறிவிடும். பரீட்சையில் அந்தக் கேள்வியைத் தப்பாக எழுதியவர்கள் மிகவும் குறைவு.

சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே லீலா கேட்பாள்.

"இன்னைக்கு நம்ம கதைய ஓட்டுனீங்களாக்கும்? சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"சிரிக்கட்டும், சிரிக்கட்டும். என் மானம்தான போகுது."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

லீலா இறந்துபோய் நாற்பத்தொரு நாள் ஆகிறது.

விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருக்கிறார். முதலாண்டு வகுப்பு. எல்லாம் புதுமுகம். சட்டைப்பையில் விருப்ப ஓய்வுக் கடிதம் இருந்தது. இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியாவிட்டால் நேராக முதல்வர் அறைக்குப் போய்க் கொடுத்துவிட வேண்டியது. காலையிலேயே முடிவு செய்தாயிற்று. சர்வீஸ் இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறது. கிடக்கட்டும். அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

'இடைநிலை' என்று எழுதத் தொடங்கினார்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

ஒற்றைச் சிரிப்பு. கலகலவென்று கிளம்பி, துணைக்கு யாரும் வராததால் பாதியில் நின்றுபோனது.

திரும்பினார். வகுப்பு மொத்தமும் ஒரு பெண்ணை முறைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

சற்று முன் வருகை எடுத்தபோது கடைசியாகக் கூப்பிட்ட, பதிவேட்டில் பேனாவால் சேர்த்திருந்த பெயர். முத்துப்பேச்சி. நேற்றுத்தான் இடம் கிடைத்துச் சேர்ந்தவள்.

மெதுவாக அவளிடம் நடந்தார்.

மேசையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. சீனியர்கள் கை மாற்றி விடுவது. இப்படி ஒன்று உலாவுவது அவருக்குத் தெரியும். எடுத்துப் பார்த்ததில்லை. பிரதிக்குப் பிரதி எடுத்து எழுத்தெல்லாம் வெளிறிப்போயிருந்தது. அவருடைய பாடம்தான். வரிக்கு வரி அவர் சொன்னதுதான். சராசரிக்குக் கீழே, இன்று அவர் கோடு போட்ட அதே இடத்தில், ஒரு சின்னக் கட்டம்.

'இங்கே சார் வீட்டம்மா ஜோக். சிரிக்கவும்.'

அவருக்கு முகம் சுண்டிப்போனது.

அட, இதுதானா சங்கதி. பேப்பரில் போட்டிருந்தது, சிரித்தார்கள். இதைத்தான் வருஷா வருஷம் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோய் லீலாவிடம் கொடுத்திருக்கிறார்.

கை தன்பாட்டில் சட்டைப்பையைத் தொட்டது.

பக்கத்தில் கிடந்த கட்டின் மேல் கண் போனது. அதே பக்கம். அதே கட்டம். ஆனால் 'சிரிக்கவும்' என்பதைப் பேனாவால் அடித்திருந்தது. ஓரத்தில் எழுதியிருந்தது.

'இந்த வருஷம் வேண்டாம்.'

அடுத்த மேசையைப் பார்த்தார். அங்கேயும் அடித்திருந்தது, வேறு மையில். அதற்கடுத்ததிலும். முன்வரிசை வரை போய்ப் பார்த்தார். அறுபது பேரும் அடித்திருந்தார்கள்.

நேற்று வந்தவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"சார், மன்னிச்சிருங்க சார். எழுதிக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லிட்டீங்க, என் காதுலதான் விழலன்னு நெனச்சு..."

"என்ன ஜோக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார். அதை மட்டும் யாரும் எழுத மாட்டாங்களாம். நீங்க சொல்லித்தான் கேக்கணுமாம். சீனியர் அக்கா அப்படிச் சொல்லித்தான் பேப்பரைக் குடுத்தாங்க."

அவர் கட்டை மறுபடி பார்த்தார். ஆமாம். கணக்கு இருந்தது, உதாரணம் இருந்தது, ஜோக் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அதை எழுதி வைக்கவில்லை.

"உக்காரு," என்றார்.

கரும்பலகைக்குத் திரும்பினார். பாதி எழுதியிருந்த 'இடைநிலை'யை அழித்தார்.

"எங்க வீட்ல..."

நின்றுவிட்டார்.

"எங்க வீட்ல ரெண்டு பேரு. ஒரு நாளைக்கு ஐயாயிரம் வார்த்தை பேசுவோம். சராசரி பாத்தா ஆளுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு."

"ஆமா சார்," என்றது ஒரு குரல், மெதுவாக.

"என் பங்கு ரெண்டே ரெண்டு வார்த்தை."

சாக்பீஸைக் கைமாற்றிக்கொண்டார்.

"சரி."

ஒரு விரலை மடக்கினார்.

"சரிம்மா."

முத்துப்பேச்சிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியவில்லை. பிறகு கிள்ளியவள். பிறகு வகுப்பே சிரித்தது. அடங்கும் வரை அவர் பலகையைப் பார்த்தபடி நின்றார்.

சாயங்காலம் பூட்டைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார்.

"சிரிச்சாங்க," என்றார்.

சட்டையைக் கழற்றி வாளியில் ஊறப் போட்டார். பையில் இருந்ததை எடுக்கவில்லை.