வாசல் பலகை

எத்தனை பிரசவம், அதில் எத்தனை சிசேரியன் என்று கல்முனைத் தனியார் ஆஸ்பத்திரிகள் மாதாமாதம் வாசலில் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

"வெட்டித்தான் எடுக்கணும், தம்பி. ஆனா பலகையில சிசேரியன் கணக்கு கூடிப் போகும். எதிர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்றார் ஓர் ஆஸ்பத்திரி டொக்டர் ஸஜாத்திடம்.

அவன் மனைவி நிப்லாவைத் தன் ஓட்டோவில் ஏற்றினான்.

எதிர் ஆஸ்பத்திரி டொக்டர் கையை விரித்தார். "எங்களுக்கும் அதே கதிதான். அங்கேயே போங்க."

"அவங்கதானே இஞ்ச அனுப்பினாங்க."

"அப்ப நாளைக்கு வாங்க. புது மாசம்."

நடுறோட்டில் நிப்லா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஓட்டோவ நிப்பாட்டுங்க. புள்ள வந்திட்டு."

மறுநாள் இரண்டு ஆஸ்பத்திரிப் பலகைகளிலும் சுகப்பிரசவம் ஒன்று கூடியிருந்தது.

ஸஜாத்தும் ஓட்டோவின் பின்னால் ஒரு பலகை மாட்டினான்: "பிரசவம் ஒன்று. சிசேரியன் பூச்சியம்."

மாலைக்குள் மூன்று கர்ப்பிணிகள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் அந்த எதிர் ஆஸ்பத்திரி டொக்டரின் மனைவி.