ஒரு சஹனுக்கு ஆறு பேர்

"முப்பத்தொரு கை! என்ட பட்டியல்தான் வெண்டது!" மெயின் வீதி ஷிப்லி சேர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மருதமுனையில் ஒரு பாலர் நேசரியின் பெற்றோர் கூட்டம். நிர்வாகக் குழுவுக்கு ஐந்து பேர். போன வருடம் போலவே ஐந்து இடமும் மெயின் வீதிக்காரருக்கே போயிற்று.

அந்த முப்பத்தோராவது கை நுஸ்ஹாவுடையது. அவள் வாக்குப் போடவில்லை. கொன்வென்ட்டில் படித்தவள், கை உயர்த்தி அனுமதி கேட்காமல் வாய் திறந்து பழக்கமில்லை. கேள்வி கேட்கத் தூக்கிய கையையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

"சேர், நான் வோட்டுப் போடல்ல. பின் கேட்டத் திறக்க ஏலுமா எண்டுதான்..."

"முன்னுக்கு எவ்வளவு பெரிய கேட் இரிக்கி, தங்கச்சி!"

அந்தப் பெரிய கேட்தான் பிரச்சினை. அது மெயின் வீதியில் திறக்கிறது. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸும் டிப்பர் லொறியும் பறக்கிற வீதியோரமாய் நடந்துதான் வரவேண்டும். முந்தாநாள் ஒரு டிப்பர், அவளுடைய மகன் அஸ்கியின் தோளில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலைத் தட்டிக்கொண்டு போனது. போத்தல் தூள். நாலு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால்... அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பயம்.

பின் கேட் கடற்கரை ஒழுங்கையில் திறக்கும். ஆனால் அதை மறித்து சேருடைய பழைய கூட்டப் பெனர்த் தட்டிகள் அடுக்கிக் கிடந்தன. 'விகிதாசாரத் தேர்தலே எமது உயிர்!' மாகாண சபைத் தேர்தலை விகிதாசார முறையிலேயே வைக்கச் சொல்லி ஊர் ஊராய்க் கூட்டம் போடுகிறவர் அவர்.

"வருசா வருசம் கேக்குறீங்க, வருசா வருசம் தோக்குறீங்க," என்றார் சேர். "கூடுதலான பேர் என்ன சொல்லுறாங்களோ அதுதான் நடக்கும். அதுதானே ஜனநாயகம்?"

நுஸ்ஹா எழுந்து மேசைக்குப் போனாள். ஃபோனை மைக்கில் வைத்து அமத்தினாள்.

சேருடைய குரலே மண்டபத்தை நிறைத்தது. போன மாதம் பாலமுனைக் கூட்டத்தில் முழங்கியது.

"ஒரு சஹனச் சுத்தி ஆறு பேர் குந்தி ஒரே தட்டுல தின்னுறம். நாலு பேர் ஒண்டாச் சேந்து, 'நாங்கதான் கூட, சஹன் முழுக்க எங்களுக்கு' எண்டா, மத்த ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு எழும்பிப் போறதா? அவனவன்ட பங்கு அவனவனுக்கு வரணும்! விகிதாசாரம் எண்டா இதுதான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சேர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"அது நாட்டுக்கு. இது நேசரி."

"நேசரிப் பிள்ளையள் சோறு தின்னாதா, சேர்?" என்றாள் கடற்கரைப் பக்கத்து நஸீறா.

சிரிப்பு அடங்குமுன் நேசரி டீச்சர் கரும்பலகையில் பங்குக் கணக்குப் போட்டார். ஐம்பது குடும்பம், ஐந்து இடம். பத்துக் குடும்பத்துக்கு ஒன்று. மெயின் வீதி முப்பது, மூன்று இடம்.

கடற்கரைப் பக்கத்தைச் சேர் தானே எண்ணினார். முகம் மலர்ந்தது. "பதினாறு! ஒண்டும் அரைகுறையும். அரைகுறைக்குக் கதிரை இல்ல!"

கடைசி வாங்குப் பலகையில் நாலு கைகள் உயர்ந்தன. பெரியநீலாவணையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் நாலு தமிழ்த் தாய்மார்.

"எங்களையும் நுஸ்ஹா அக்காட பக்கம் எண்ணுங்க, சேர்," என்றாள் அவர்களில் ஒருத்தி, கிருசிகா. "நாங்களும் அந்த வீதியாலதான் நடக்கிறம்."

இருபது. இரண்டு இடம்.

நுஸ்ஹாவும் நஸீறாவும் குழுவுக்கு வந்தார்கள். ஐந்தில் இரண்டு என்றால் வாக்கெடுப்பில் இன்னமும் தோல்விதான். ஆனாலும் மேசையில் இருந்து கதைக்கலாமே. முதல் கூட்டத்தில் நுஸ்ஹா சொன்னாள்: "நாளைக்குக் காலையில ஆளுக்கொரு பிள்ளையக் கையில பிடிச்சு எங்கட பக்கமிருந்து நடந்து வாங்க. வந்து சேந்த பொறகு வோட்டெடுப்பம்."

மறுநாள் சேருக்கு அஸ்கி வாய்த்தான். பாதி வழியில் மட்டக்களப்பு பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. புழுதி அடங்கிப் பார்த்தால், பிள்ளை சாக்கடைக் கான் ஓரத்தில் நின்றான். சேர் கானுக்குள் நின்றார்.

"பயப்புடாதீங்க சேர், பஸ் போயித்து," என்றான் அஸ்கி.

முழங்கால்வரை சேற்றோடு சேர் கை தூக்கினார். ஐந்துக்கு ஐந்து. அன்றைக்கே பெனர்கள் இடம் மாறின, பின் கேட் திறந்தது.

வருடக் கடைசியில் கலைவிழா வந்தது. இப்போது நுஸ்ஹாவைக் கேட்காமல் நேசரியில் ஒரு பாய் விரியாது. சாப்பாட்டுப் பொறுப்பும் அவளுக்குத்தான். 'மாட்டிறைச்சிப் புரியாணி, இருபது சஹன்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

கதவடியில் ஒரு கை பாதி உயர்ந்து நின்றது. கிருசிகா.

"அக்கா, எங்கட நாலு பிள்ளையளும் மாடு தின்னாதுகள். இருபது சஹன்ல ஒண்டே ஒண்டக் கோழியாப் போட ஏலுமா?"

நுஸ்ஹா தாளைவிட்டுத் தலை தூக்கவில்லை.

"நாலு பேருக்காகத் தனி அடுப்பு மூட்டேலுமா, கிருசி? கூடுதலான பேர் என்ன சொல்லுறாங்களோ அதுதான் நடக்கும். அதுதானே ஜனநாயகம்?"

பக்கத்துக் கதிரையிலிருந்த ஷிப்லி சேர் அவசர அவசரமாய்ச் சட்டைப்பையில் ஃபோனைத் தேடினார்.

"தங்கச்சி, அத இன்னொருக்காச் சொல்லுங்க. ரெகோட் பண்ணாம விட்டுட்டன்."