பச்சை விளக்கு

தகரக் கொட்டகைக்குள் பம்பு இரைந்துகொண்டே இருக்கிறது. பெரிய தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அவள் குனிந்து நிற்கிறாள். மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. கரண்டு பில்லுக்கே கட்டுப்படியாகவில்லை என்று இந்தத் தடவை இரண்டு மடங்கு மீனைக் கொட்டிவிட்டான் மகராசன், அவள் புருஷன். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தண்ணீரே தெரியவில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் கத்தவேண்டிய பெட்டியில் பச்சை விளக்கு, ஒரு குறையுமில்லை என்பதுபோல் எரிகிறது. அவள் வாசல் பக்கம் திரும்புகிறாள். “ஏங்க, இதுங்க ஒரு மாதிரியா இருக்கு. வந்து பாருங்களேன்.” அவன் வாசலில் வலையை உதறிக்கொண்டே, “பசியா இருக்கும். தீனியப் போடு” என்கிறான்.

ஒரு கை அள்ளி வீசுகிறாள். தீனி உருண்டைகள் பிளந்த வாய்களில் இடித்து, விலகி, மிதக்கின்றன. ஒன்றுகூடக் கவ்வவில்லை. தண்ணீரை அளக்க அந்தப் பெட்டியிலிருந்து இறங்கும் வயரைக் கண்ணால் தொடர்கிறாள். அது இந்தத் தொட்டிக்கு வரவில்லை; நாலைந்து மீன் சாவகாசமாக நீந்தும் பக்கத்துத் தொட்டிக்குள் கிடக்கிறது. “வயர யாருங்க மாத்தினது?” “நான்தான். ராவும் பகலும் கத்திக்கிட்டே இருந்துச்சு, அதான்…” வலை உதறும் சத்தம் நின்றுபோகிறது. அவள் விரல்களுக்கு அடியில், திறந்த வாய் ஒன்று மூடாமல் அப்படியே நிற்கிறது.